ஐம்பதடித் தூக்கம்

தேங்காய் விழுகிற சத்தம் நின்றுபோனதைத்தான் சொர்ணவல்லி முதலில் கவனித்தாள்.

பத்தொன்பது வருசமாகப் புருசன் மரமேற, கீழே நின்று காய் பொறுக்குகிறவள் அவள். பொறுக்குகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை என்பது அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. பார்த்தால் கண்ணில் தூசி விழும், பாளைச் சருகு விழும் என்பது ஒரு காரணம். மரத்தில் இருக்கிறவன் மேல் கட்டினவள் கண்ணே பட்டுவிடும் என்பது இன்னொரு காரணம்; அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆக, அவளுக்குக் காதுதான் கண். அரிவாள் விழுகிற சத்தம், குலை சரிகிற சத்தம், காலில் மாட்டிய தளைக்கயிறு மரப்பட்டையில் உரசுகிற சத்தம் இவற்றை வைத்தே அழகுமலை ஏறுகிறானா, மர உச்சிக் கொண்டையில் உட்கார்ந்து பன்னாடை பறிக்கிறானா, இறங்குகிறானா என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு ஏழு மரம் முடிந்து எட்டாவது மரத்தில் பாதிக் காய் விழுந்திருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

மணமேல்குடிக்கு மேற்கே, கடல் காற்று எட்டுகிற தூரத்தில் இருக்கிற நொச்சிவயலில், குணசேகரனுடைய தோப்பு அது. கஜா புயல் படுக்கப் போட்டது போக மிச்சம் நின்றவை எழுபத்திரண்டு நெட்டை மரங்கள். சவுதியில் பதினாலு வருசம் உழைத்துவிட்டு வந்த குணசேகரன் அந்த எழுபத்திரண்டையும் பேர் வைக்காத பிள்ளைகளாக வளர்க்கிறார். மத்தியானம் லாரி வருகிறது என்பதால் விடிந்ததும் வேலை தொடங்கியிருந்தது.

புருசன் பீடி பற்ற வைக்கிறானோ என்று நினைத்தாள். புகை வாடை வரவில்லை. தண்ணீர் கேட்பானோ என்று காது கொடுத்தாள். குரலும் வரவில்லை. கையில் இருந்த இரண்டு காயையும் குவியலில் போட்டுவிட்டு, முந்தானையால் நெற்றிக்குத் தடுப்புக் கட்டிக்கொண்டு, சொர்ணவல்லி அண்ணாந்து பார்த்தாள்.

அவ்வளவு உயரமா என்றுதான் முதலில் தோன்றியது. அந்த மரத்தை அவள் நூறு தடவை கடந்திருக்கிறாள். அடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறாள். அது மேலே மேலே போய்க்கொண்டே இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த உயரத்தில், பச்சை மட்டைகளுக்கு நடுவில், ஒரு கால் மட்டைக்கு இந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. வெடித்த பாதம் தெரிந்தது. இன்னொரு காலை மடக்கிச் செருகியிருந்தான். நடுக்குருத்தைக் கட்டிப்பிடித்துத் தலையைச் சாய்த்திருந்தான். அரிவாள் பக்கத்து மட்டையில் கொத்தி நின்றது.

தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே முந்தானையைத் திணித்து வாயை அடைத்துக்கொண்டாள். வீட்டில் தூங்கும்போது பேர் சொல்லாமல் மெல்லக் கூப்பிட்டாலே திடுக்கென்று எழுந்து உட்காருகிற ஆள் அவன். ஒருமுறை மகள் எழுப்பப்போய், கட்டிலிலிருந்தே உருண்டு விழுந்திருக்கிறான். அது ஒன்றரை அடிக் கட்டில். இது ஐம்பது அடி.

அவன் தூங்குவது எதனால் என்று அவளுக்கு அந்த நிமிசமே தெரிந்துவிட்டது.

முந்தின நாள் வேறொரு தோப்பில் கொண்டை சுத்தம் செய்யும்போது, சருகுக்குள்ளிருந்து கம்பளிப்பூச்சி மொத்தமாக மேலே கொட்டிவிட்டது. ராத்திரிக்குள் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் தடித்துப் போனது. வேப்பிலை அரைத்துப் பூசினாள், தேங்காய் எண்ணெய் தடவினாள். ஒன்றுக்கும் அடங்கவில்லை. விடிய விடியச் சுவரில் முதுகை உரசிக்கொண்டு நின்றான் மனுசன். பொட்டுத் தூக்கமில்லை.

"இன்னைக்கு ஒரு நா வேலைக்குப் போகாம இருந்தா என்னங்க" என்றாள் விடியலில்.

"குணசேகரண்ணன்ட்ட சொல்லியாச்சு. லாரி வருது. அரிப்புக்கெல்லாம் லீவு போட்டா ஊரு சிரிக்கும் சொர்ணம்."

அவளுக்குப் பயம் வேறு. அரிப்பெடுத்தால் கை சும்மா இருக்காது, தானாகப் போய்ச் சொறியும். தரையில் சொறியலாம். மரத்தில் இரண்டு கையும் மரத்துக்கு வேண்டும். கடுகு டப்பாவுக்குள் நாலு மாத்திரை இருந்தது நினைவுக்கு வந்தது. போன மாசம் இறால் சாப்பிட்டு அவளுக்குத் தடித்தபோது, துணை சுகாதார நிலையத்து நர்சு பரிமளா காகிதத்தில் மடித்துக் கொடுத்தது. சாப்பிட்டு ஒன்று போட்டுப் படுத்தாள். காலையில் உடம்பு வழவழவென்று ஆகிவிட்டது.

"இத முழுங்கிட்டுப் போங்க. எனக்கு ஒன்னுலயே கேட்டுச்சு."

"ஒம் மாத்திர எனக்குக் கேக்குமா?"

"அரிப்புக்கு ஆம்பள பொம்பளன்னு தெரியுமாக்கும். வாயத் தெறங்க."

சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான். நீராகாரத்தை ஊற்றி அவள்தான் விழுங்க வைத்தாள். 'ராத்திரி படுக்கப் போறப்ப மட்டும்' என்று பரிமளா சொன்னதும் அப்போது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ராத்திரி என்றால் வேலை முடிகிற நேரம், ஓய்வான நேரம், அதனால் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். மருந்து எந்த நேரமென்று பார்த்தா வேலை செய்யும் என்பது அவள் கணக்கு.

இப்போது மரத்தடியில் நின்று அந்தக் கணக்கைப் பார்த்தாள்.

குணசேகரன் வரப்பில் வந்துகொண்டிருந்தார். அவர் பேசினால் அடுத்த தோப்புக்குக் கேட்கும். "என்னம்மா, எட்டாம் மரத்துலயே..." என்று அவர் தொடங்கியதும் சொர்ணவல்லி ஓடிப்போய், முதலாளி என்றும் பாராமல் அவர் வாய்க்கு நேரே கையை நீட்டினாள். மேலே காட்டினாள். குணசேகரன் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் ரகசியமாக வந்தது.

"தூங்குறானா? குடிச்சிருக்கானா?"

"வெள்ளிக்கெழம தொட மாட்டாக அண்ணே. நாந்தேன் அரிப்பு மாத்திர குடுத்தேன். நர்சம்மாவுக்குப் போன் போடுங்க. மெதுவா, அங்கிட்டுப் போயி."

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் போன் போட்டார்கள். பரிமளா எடுத்த எடுப்பில் திட்டவில்லை. அதுவே சொர்ணவல்லிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எத்தன மணிக்குக் குடுத்தீங்கக்கா?"

"அஞ்சரை இருக்கும்."

"ஒன்னுதானா?"

"ஒன்னுதேன். சத்தியமா ஒன்னுதேன் நர்சம்மா."

"ஒன்னுக்கு இப்படி அடிச்சுப் போடாதே. வேற எதுவும் போட்டாகளா? சுகர் மாத்திர, பிரசர் மாத்திர, தூக்க மாத்திர?"

அதற்குள் விசயம் கசிந்து முக்குக்கடை மரியசெல்வம் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து நின்றார். காலையில் அழகுமலை டீ குடித்தது அவர் கடையில்தான். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மூக்கு ஒழுகுதுன்னாப்ல. சளி மாத்திர ஒன்னு குடுத்தேன். எல்லாருக்கும் குடுக்குறதுதானம்மா" என்றார்.

போனில் பரிமளா பெருமூச்சு விட்டது கேட்டது.

"அதுலயும் இதே மருந்துதாங்க இருக்கு. அட்டை வேற, பேரு வேற, உள்ள இருக்குறது ஒன்னு. அப்ப ரெண்டு மடங்கு ஆயிப்போச்சு. ராத்திரி பூராத் தூங்காத ஒடம்பு வேற."

"உசுருக்கு ஏதும்..." சொர்ணவல்லியால் முடிக்க முடியவில்லை.

"அக்கா, கேளுங்க. இவுக தரையில பாய்ல படுத்திருந்தா நான் இவ்ளோ பயப்பட மாட்டேன். பக்கத்துல ஆள் இருந்து பாத்துக்கிட்டா, தூங்கித் தெளிஞ்சிருவாக. இப்ப மருந்த விட மரந்தான் பயம். யாரும் கத்தாதீங்க. கல்லு கில்லு விட்டு எறியாதீங்க. பெல்ட் வச்சிருக்க ஆளா ஒருத்தர ஏத்துங்க. மொதல்ல கட்டணும், பெறகுதான் எழுப்பணும். மாத்திச் செஞ்சிராதீங்க. நான் வண்டி எடுத்துட்டு வாரேன்."

தீயணைப்புக்குச் சொன்னார்கள். வண்டி வேறிடத்தில் இருக்கிறது, வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். சைரன் போடாமல் வாருங்கள் என்று குணசேகரன் கெஞ்சியது மறுமுனைக்கு விளங்கியதோ என்னவோ. பக்கத்து ஊர் ஜெபக்குமாருக்கும் ஆள் போனது. மெசின் வைத்து மரமேறுகிறவன், பயிற்சி எடுத்தவன், இடுப்புப் பெல்ட் வைத்திருப்பவன். அவனை அழகுமலை 'ஏணிக்காரன்' என்று வாய்க்கு வாய் கேலி பேசுவான்.

அவன் வருவதற்குள்தான் ஊர் அதிசயம் ஒன்றைச் செய்தது.

ஐயனார் கோவிலில் அன்று ஒரு காதுகுத்து. விடியலிலிருந்து குழாய் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. நொச்சிவயலில் இழவு விழுந்தால்கூட ரேடியோவை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டியிருக்கும். அன்றைக்கு ஒருத்தர் போய்க் காதோடு சொன்னதும், பாட்டு பாதியில் நின்றது. மேளக்காரர்கள் மேளத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தார்கள். காது குத்துகிற பிள்ளை அழுமே என்று, அதன் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருணிக் கரைக்கே போய்விட்டாள். தோப்போரத்துத் தார்ரோட்டில் பத்தேகால் மினி பஸ் வந்தது. வளைவில் ஹாரன் அடிக்காமல் போனதே கிடையாது அது. இரண்டு பேர் ரோட்டில் நின்று கையை அசைத்தார்கள். டிரைவர் மேலே பார்த்தார். இன்ஜினை அணைத்துவிட்டு, சரிவில் சும்மா உருள விட்டுக் கடந்து போனார். சன்னலோரத்தில் இருந்த அத்தனை தலையும் அண்ணாந்து பார்த்தபடி போனது, ஒரு வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை.

தோப்புக்குள் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பேசிப் பிழைக்கிற சனம், பேசாமல் நின்றது. ஒருவர் தும்மல் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வரப்பு தாண்டி ஓடினார். மட்டைகளில் காற்று ஓடுகிற சத்தமும், எங்கோ ஒரு அணிலும் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு மனுசன் தூக்கம் கலையக்கூடாது என்று ஓர் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் சொர்ணவல்லி பார்த்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இவர்களில் பாதிப் பேரோடு அவளுக்குக் குழாயடிச் சண்டை உண்டு.

அப்போதுதான் இன்னொன்று நெஞ்சில் இடித்தது. அழகுமலையின் போன் அவன் இடுப்பில், பாலிதீன் பையில் சுற்றிச் செருகியிருக்கிறது. மகள் தேவிப்ரியா புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். பத்தேமுக்கால் இடைவேளைக்குத் தினமும் அப்பாவுக்குப் போன் அடிப்பாள். அவன் மரத்தில் இருந்தாலும் எடுத்து, "கொண்டையில இருக்கேன்த்தா, அப்பறம் பேசு" என்று சொல்லி வைப்பான். அந்தப் போன் அலறினால் பக்கத்துத் தோப்பில் கொக்கு பறக்கும்.

மணி பத்தரை. குணசேகரன் போனை வாங்கிக்கொண்டு சொர்ணவல்லி கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். மூன்றாவது தடவைதான் மகள் எடுத்தாள்.

"யாரு?"

"அம்மாத்தேன். அப்பாவுக்கு இன்னைக்குப் போன் அடிக்காத."

"ஏம்மா?"

"தூங்குறாக."

"வேலைக்குப் போகலையா? எங்க தூங்குறாரு?"

"தோப்புல."

"என்னம்மா கொரலு ஒரு மாரியா இருக்கு? அப்பாட்ட குடு."

"ஏய், சொன்னாக் கேளு. நீ அடிக்கிற ஒரு போன்ல... ஒன்னுமில்லத்தா. நல்லாத் தூங்குறாக. எந்திரிச்சதும் அவுகளே அடிப்பாக. அதுவரைக்கும் நீ அடிக்கக் கூடாது. எம் மேல சத்தியம் பண்ணு."

"சரிம்மா. நான் அடிக்கல. நீ அழுகாத" என்றாள். சொர்ணவல்லி தான் அழுவதை அப்போதுதான் உணர்ந்தாள்.

திரும்பி வந்தபோது ஜெபக்குமார் வந்துவிட்டிருந்தான். பைக்கை ரோட்டிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். மெசினை எடுத்தான், மேலே பார்த்தான், திரும்பத் தரையில் வைத்தான். மெசின் ஏறும்போது இரும்பு கடக்கடக்கென்று அடிக்கும், மரமும் அதிரும். அழகுமலை ஏழாம் மரத்தடியில் போட்டிருந்த மாற்றுத் தளைக்கயிற்றை எடுத்துக் காலில் மாட்டினான். தளையில் ஏறி அவனுக்கு ஏழெட்டு வருசம் ஆகியிருக்கும். பெல்ட்டையும் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு மரத்தைத் தொட்டுக் கும்பிட்டான்.

அப்படி ஒருவன் மரமேறி அந்தச் சனம் பார்த்ததில்லை. ஒரு எட்டு எடுத்து வைப்பான், நிற்பான். மரம் அசைந்து அடங்கக் காத்திருப்பான். மறுபடி ஒரு எட்டு. வெயில் நேரே கண்ணில் அடித்தது. சொர்ணவல்லி இமைக்கவில்லை. பாதி மரத்தில் காற்று ஒரு வீச்சு வீசியது. மேலே தொங்கிய கால் அசைந்தது. கூட்டத்தில் ஒரு பெண் முனகினாள். பக்கத்தில் நின்றவள் அவள் வாயைப் பொத்தினாள். கால் அடங்கியது. ஜெபக்குமார் மரத்தோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றான். பிறகு ஏறினான்.

கொண்டைக்குள் அவன் தலை மறைந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. மட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. அந்தக் கை ஒரு விரலால் காற்றில் வட்டம் போட்டது. ஒரு வட்டம், இரண்டு, மூன்று, நாலு. யாருக்கும் புரியவில்லை. குணசேகரன்தான் முணுமுணுத்தார்.

"கட்டியிருக்காம்மா. அழகுமல தன்னத் தானே கட்டியிருக்கான்."

இளநீர்க் குலை இறக்குகிற கயிறு. அதை நாலு சுற்று, மார்பையும் நடுமரத்தையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான். சொர்ணவல்லி அப்படியே தேங்காய்க் குவியலில் உட்கார்ந்தாள்.

ஜெபக்குமார் அதன் மேலேயே பெல்ட்டையும் மாட்டினான். பிறகு எழுப்பினான். என்ன சொல்லி எழுப்பினான் என்று கீழே கேட்கவில்லை. கால் ஒரு உதறு உதறியது, பச்சை ஓலை ஒன்று சரசரத்தது, பெல்ட் பிடித்தது. உடனே இறங்கவில்லை. பரிமளா கீழே வந்து சேர்ந்து, கயிற்றில் தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டி மேலே அனுப்பிவிட்டு, கைச்சாடையிலேயே உத்தரவு போட்டாள்: தண்ணீர் கொடு, முகத்தைத் துடை, தெளியட்டும், அவசரமில்லை. முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் கொண்டையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏணிக்காரன் தோளில் சாய்ந்து அழகுமலை இன்னும் இரண்டு தடவை கண்ணயர்ந்தான். தீயணைப்பு வண்டி ஏணியோடு வந்து நின்ற பிறகு, மேலேயும் ஆள் கீழேயும் ஆளாக அவனைக் கயிற்றில் இறக்கினார்கள்.

பாதம் மண்ணைத் தொட்டும் யாரும் கத்தவில்லை. சத்தம் போடலாம் என்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது. கிழவர் ஒருவர் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

ஓலை விரித்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். பரிமளா நாடி பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள், மூச்சை எண்ணினாள். "பேரு என்ன?" "ஊரு என்ன?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் குழறலாகச் சரியாகச் சொன்னான். வாய் உலர்ந்திருந்தது. "ஆசுபத்திரியில டாக்டரும் ஒரு தடவ பாத்துரட்டும். ஆம்புலன்ஸ் வருது" என்றாள். அப்புறம்தான் சொர்ணவல்லி பக்கம் திரும்பினாள். மரியசெல்வத்தையும் சேர்த்து நிற்க வைத்துப் பேசினாள்.

"அரிப்பு மாத்திரன்னா சாதாரணம்னு நெனச்சுக்கிட்டீங்க. தூக்கம் வரும்னுதான் ராத்திரி போடச் சொன்னேன். இதப் போட்டுட்டு மரமேறக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது, கெணத்துல எறங்கக் கூடாது. மறுநாக் காலையில மந்தமா இருந்தா அன்னைக்கும் கூடாது. சாராயத்தோட சேரவே கூடாது. ஒருத்தருக்குக் குடுத்தத இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது. சளி மாத்திர போட்டா இதப் போடக் கூடாது, எது எதுல இது இருக்குன்னு என்னக் கேளுங்க. மாமா, நீங்க இனிமே கடையில மாத்திரயே விக்காதீங்க. பச்சப்புள்ளைக்குத் தூக்கம் வரட்டும்னு எவளாச்சும் வாங்கிக் குடுத்தாள்னா, அது மூச்சையே நிறுத்திப் போட்டுரும்."

மரியசெல்வம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். ஜெபக்குமார் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை ஊதிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் போட்ட முடிச்ச அவுக்க எனக்குப் பத்து நிமிசம் ஆச்சுக்கா. தூக்கக் கலக்கத்துல போட்ட முடிச்சா அது! முழிச்சிருக்கிறப்ப நான் போட்டாக்கூட அப்படி வராது."

கூட்டம் மெல்லக் கலைந்தது. ரேடியோ இன்னும் போடவில்லை. சொர்ணவல்லி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் வைத்தாள். மார்பில் கயிறு பதிந்த நாலு கோடும் செக்கச்செவேலென்று இருந்தன. சொல்லிவிடுவதென்று முடிவு செய்தாள்.

"நாந்தேங்க அந்த மாத்திரயக் குடுத்தேன். அதனாலதேன் எல்லாம்."

அழகுமலை கண்ணைத் திறக்கவில்லை. நாக்கு தடித்துப்போன பேச்சு, நிறுத்தி நிறுத்தி வந்தது.

"தெரியும். மேல இருக்கையிலயே தெரிஞ்சுபோச்சு. கண்ணச் சொழட்டுச்சு. என்னடா இது, நமக்கு இப்படி வராதேன்னு நெனச்சேன். காலையில நீ ஊத்துன நீராகாரம் ஞாபகத்துக்கு வந்துச்சு."

"அப்பவே ஒரு கொரல் குடுக்கக் கூடாதாங்க?"

"எறங்கிரலாம்னுதான் பாத்தேன். காலு எங்காலாவே இல்ல. நழுவி விழுந்தா எனக்கு ஒரு நிமிசத்துல முடிஞ்சுபோகும் சொர்ணம். நீ ஆயுசுக்கும் இந்தக் கையப் பாத்துப் பாத்துக் கெடப்ப. 'நாந்தேன் குடுத்தேன், நாந்தேன் குடுத்தேன்'னு." மூச்சு வாங்கினான். "அதான் எறங்கல. கட்டிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அவன் மறுபடி தூங்கிப்போனான். பத்தொன்பது வருசத்தில் அவன் அவளுக்கு ஒரு மல்லிகைப்பூகூட ஒழுங்காக வாங்கி வந்ததில்லை; திருவிழாவில்கூட மறந்துவிட்டு வந்து நிற்பான். அந்த ஆள், கண் இருட்டிக்கொண்டு வருகிற கடைசி நிமிசத்தில், தன் உயிரை எண்ணாமல் அவள் மேல் விழப்போகிற பழியை எண்ணி, நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறான். அவளுக்கு அவனைப் பார்க்கவே பயமாக இருந்தது, சாமியைக் கிட்டத்தில் பார்த்தால் வருகிற பயம்.

"பத்து நிமிசத்துக்கு ஒரு தடவ எழுப்பிக் கேளுங்கக்கா, பதில் சொல்றாகளான்னு" என்று சொல்லிவிட்டுப் பரிமளா ஆம்புலன்ஸைப் பார்க்கப் போனாள்.

சொர்ணவல்லி குனிந்து, அவன் காதோரம் வாயை வைத்து, தோளை லேசாகத் தொட்டாள்.

"ஏங்க, இங்க இருக்கீகளா?"

"ம்" என்றான் அழகுமலை.

பத்து நிமிசம் ஆகட்டும் என்று அவளால் காத்திருக்க முடியவில்லை. உடனே இன்னொரு தடவை கேட்டாள்.